கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு: தொலைவும் வேகமும் நேரமும்

   

"சென்னைக்கு எவ்வளவு தூரம்?" என்று நம் தோட்டத்தில் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். "நான்கு மணி நேரம்" என்று உடனே விடை வரும். இதே வினாவை நம் பாட்டன்மாரிடம் கேட்டிருந்தால், "ஒரு வாரம்" என்று சொல்லியிருப்பார்கள். கேட்டதோ தூரம்; இருவரும் தந்த விடையோ நேரம். ஊர் இடம் மாறவில்லை, கடல் சுருங்கவில்லை. ஆயினும் ஏழு நாள் நான்கு மணியாகக் குறைந்துவிட்டது. எப்படி?

தொலைவு வேறு, வேகம் வேறு, நேரம் வேறு. இம்மூன்றையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம். இது தேர்வுக்கு மட்டும் உரிய கணக்கு அன்று. தாயகத்தில் உற்றார் உறவினரை உடைய குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உள்ளன. ஒரு துக்கச் செய்தி வந்த காலைப் பொழுதில், "போய்ச் சேர முடியுமா, முடியாதா?" என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்குத்தான். ஆகவே, மாணவர்கள் இதனைக் கற்றுத் தம் பெற்றோருக்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

1. தொலைவை அளப்போம்

நாம் வாழும் அம்பாங்கான் சிரம்பானை அடுத்துள்ளது. நமக்கு அண்மையில் உள்ள அனைத்துலக விமான நிலையம் சிப்பாங்கில் அமைந்துள்ளது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் என்னும் பெயருடைய அந்நிலையம் 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், 1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையமே அயல்நாட்டுப் பயணத்திற்கு உரிய வாயிலாக விளங்கியது. இப்பொழுது நம் பகுதியிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் போதும். அங்கிருந்து சென்னைக்குள்ள தொலைவை நாமே கண்டுபிடிப்போம்.

பூமியைச் சுற்றியுள்ள அளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஒரு முழு வட்டத்திற்கு 360 பாகைகள். ஆகவே, 40,000-ஐ 360-ஆல் வகுத்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று கிடைக்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிலப்படத்தைப் பாருங்கள். சிப்பாங் விமான நிலையம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 2.75 பாகையில் உள்ளது. சென்னை விமான நிலையம் 13 பாகையில் உள்ளது. இரண்டிற்கும் வேறுபாடு 10.25 பாகை. அதாவது, சென்னை நமக்கு வடக்கே 10.25 × 111 = ஏறத்தாழ 1,140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

தீர்க்கரேகைகளைப் பார்ப்போம். சிப்பாங் கிழக்கே 101.7 பாகை, சென்னை கிழக்கே 80.2 பாகை. வேறுபாடு 21.5 பாகை. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் நம் இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில், கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு 110 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். ஆகவே, சென்னை நமக்கு மேற்கே 21.5 × 110 = ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இப்பொழுது ஒரு தாளையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு 1 செண்டிமீட்டர் என்பது நம் அளவுத்திட்டம். தாளின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு புள்ளி வையுங்கள், அது சிப்பாங். அங்கிருந்து இடப்பக்கமாக 23.7 செண்டிமீட்டர் நீளமுள்ள கோடு வரையுங்கள். அக்கோட்டின் முடிவிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி 11.4 செண்டிமீட்டர் வரையுங்கள். அங்கே வைக்கும் புள்ளி சென்னை. இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து அளந்து பாருங்கள். 26.3 செண்டிமீட்டர் வரும். அதாவது 2,630 கிலோமீட்டர்! விமானத்தில் ஏறாமலே, வகுப்பறையில் அமர்ந்தவாறே இரு நகரங்களின் இடைத்தொலைவைக் கண்டுவிட்டீர்கள்.

இம்முறை நிலநடுக்கோட்டை அடுத்துள்ள ஊர்களுக்கே பொருந்தும் என்பதை மறவாதீர்கள். உலகின் வடகோடியில் உள்ள நகரங்களைத் தட்டையான தாளில் இவ்வாறு அளந்தால் பிழை மிகும். ஏனெனில், பூமி உருண்டை. அத்தகைய ஊர்களுக்குப் பள்ளியில் உள்ள உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளத்தல் வேண்டும். நூல் எவ்வழியே இறுக்கமாகக் கிடக்கிறதோ, அதுவே மிகக் குறுகிய வழி.

திருச்சிராப்பள்ளிக்கும் நம் நாட்டிலிருந்து நேரடி விமானங்கள் செல்கின்றன. "திருச்சி சென்னைக்குத் தெற்கே உள்ளது; ஆகவே நமக்கு அது அருகில் இருக்கும்" என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. திருச்சி தெற்கே தாழ்ந்திருப்பினும் மேற்கே மேலும் தள்ளியுள்ளது. நமக்கும் திருச்சிக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சென்னையைவிடச் சற்றுக் கூடுதல்.

2. ஒரே தொலைவு, பல வேகங்கள்

நேரத்தைக் காண வேண்டுமாயின், தொலைவை வேகத்தால் வகுத்தல் வேண்டும். 2,630 கிலோமீட்டரைப் பல வேகங்களில் கடந்து பார்ப்போம். நடந்தோ சைக்கிளிலோ கடலைக் கடக்க இயலாது. கணக்கிற்காக மட்டும் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.

நடப்பவர், மணிக்கு 5 கிலோமீட்டர்: 526 மணி, அதாவது இரவு பகல் ஓயாமல் ஏறத்தாழ 22 நாள்.
சைக்கிளில் செல்பவர், மணிக்கு 15 கிலோமீட்டர்: ஏறத்தாழ 175 மணி, அதாவது 7 நாளுக்குச் சற்று மேல்.
பழைய பயணிகள் கப்பல், மணிக்கு 22 கிலோமீட்டர்: ஏறத்தாழ 120 மணி, அதாவது 5 நாள்.
ஜெட் விமானம், மணிக்கு 830 கிலோமீட்டர்: 3 மணி 10 நிமிடம்.

வேகம் இரு மடங்கானால் நேரம் பாதியாகும். கப்பலைவிட விமானம் ஏறத்தாழ 38 மடங்கு விரைவுடையது; ஆகவே நேரம் 38-இல் ஒரு பங்காகக் குறைந்தது. பாட்டனார் சொன்ன விடைக்கும் பேரன் சொல்லும் விடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

3. கப்பல் சென்ற வழி

கடலில் வேகத்தை "நாட்" என்னும் அளவால் குறிப்பர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மேலே குறித்த 22 கிலோமீட்டர் வேகம் ஏறத்தாழ 12 நாட் ஆகும்.

நம் முன்னோர் பலரை இக்கரை சேர்த்த கப்பல்களுள் "ரஜுலா" புகழ் பெற்றது. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான். 1973-இல் ரஜுலா ஓய்வு பெறும் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இரு கரைகளையும் அது இணைத்தது. ஏழைப் பயணிகள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தனர். துறைமுகம்தோறும் நின்று, சரக்கை இறக்கி ஏற்றிச் செல்ல வேண்டியிருந்ததால், ஐந்து நாள் பயணம் ஒரு வாரமாக நீளும். கரை சேர்ந்த பின்னும் தொற்றுநோய் பரவாமல் தடுக்கும் பொருட்டுத் தொழிலாளர்களைத் தனிமுகாமில் சில நாள் தங்கவைத்த காலமும் உண்டு. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு அத்தகைய இடங்களுள் ஒன்று.

ரஜுலாவிற்குப் பின் "எம். வி. சிதம்பரம்" என்னும் கப்பல் இவ்வழியில் ஓடியது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அதன் பயணிகள் சேவையும் முடிவுற்றது.

இங்கே ஒரு வியப்பான செய்தியைக் குறிப்பிட வேண்டும். நீங்கள் தாளில் வரைந்த கோட்டை நிலப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அக்கோடு மலாக்கா நீரிணையின் வழியே வடமேற்காகச் செல்லும். சுமத்திராவின் வடமுனையாகிய ஆச்சே நிலத்திற்கும் நிக்கோபார் தீவுகளின் தென்முனைக்கும் இடையே உள்ள கடலை ஒட்டிச் சென்று, வங்கக் கடலைக் கடந்து சென்னையை அடையும். கப்பல்கள் சென்ற வழியும் ஏறக்குறைய அதுவே! சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் படைக்கலங்கள் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தை நோக்கி வந்ததும் இந்த வங்கக் கடலைக் கடந்துதான். ஆகவே விமானம் வேறொரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிடவில்லை. தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது வேகம் மட்டுமே.

அந்த ஒரு வாரம் நம் முன்னோருக்கு எத்தகைய வேதனையைத் தந்தது என்பதை இளையோர் உணர வேண்டும். ஊரில் தாய் மறைந்தால், ஓரத்தில் கறுப்பு மை தடவிய கடிதம் வரும். அது கைக்குக் கிட்டும்போது காரியங்கள் யாவும் முடிந்திருக்கும். தந்தி விரைந்து வந்தாலும் பயனில்லை; அடுத்த கப்பல் புறப்படும் நாளும், அதன் பின் ஒரு வாரமும் குறுக்கே நிற்கும். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகக் காணாமலே எத்தனையோ பிள்ளைகள் இரப்பர் மரத்தடியில் கண்ணீர் வடித்தனர். அவர்களுக்குப் பாசம் குறைவாக இருந்ததில்லை. வகுத்துக் கிடைத்த எண்தான் பெரிதாக இருந்தது.

4. மூன்று மணி பத்து நிமிடம் நான்கு மணி ஆவது ஏன்?

ஜெட் விமானத்தின் கணக்கில் 3 மணி 10 நிமிடம் என்று கண்டோம். பயண அட்டவணையிலோ ஏறத்தாழ 4 மணி நேரம் என்று இருக்கும். கணக்குத் தவறா? இல்லை.

விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரமே அட்டவணையில் புறப்பாட்டு நேரம். அது ஓடுபாதைவரை மெதுவாக ஊர்ந்து செல்லும். முன்னே வேறு விமானங்கள் இருந்தால் காத்து நிற்கும். மேலே எழுந்தவுடன் 830 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடாது. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தை எட்டும் வரையும், பின்னர் இறங்கும்போதும் வேகம் குறைவாகவே இருக்கும். வான்வழியும் கோடு போட்டாற்போல் நேராக இராது. ஓடுபாதை அமைந்துள்ள திசையை ஒட்டியும், வகுக்கப்பட்ட வான்பாதைகளை ஒட்டியும் சற்று வளைந்து செல்லும். இறங்கிய பின் மீண்டும் ஊர்ந்து சென்று நிற்க வேண்டும். இவை யாவற்றையும் சேர்த்தே நான்கு மணி என்பர்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆற்றின் போக்கில் செல்லும் படகு விரைந்து செல்லும்; எதிர்த்துச் செல்லும் படகு தாமதிக்கும். விமானமும் அவ்வாறே. பின்னிருந்து வீசும் காற்று அதனைத் தள்ளிச் செல்லும், எதிர்க்காற்று தடுக்கும். ஆதலால், ஒரே வழியில் ஒரு நாள் பத்து நிமிடம் முந்தியும், மறுநாள் பத்து நிமிடம் பிந்தியும் சேருதல் இயல்பே.

5. இரண்டு ஊர், இரண்டு கடிகாரம்

நம் கடிகாரத்தில் காலை 7.00 ஆகும்போது சென்னையில் அதிகாலை 4.30. நாம் இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். இதனை அறியாமல், பொழுது விடிந்ததே என்று ஊருக்குத் தொலைபேசியில் அழைப்போர் அங்கே உறங்குவோரை எழுப்பி அச்சுறுத்திவிடுகின்றனர்!

இவ்வேறுபாடு ஏன் வந்தது? பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நமக்கும் சென்னைக்கும் 21.5 பாகை. 21.5 × 4 = 86 நிமிடம். அதாவது, நமக்குச் சூரியன் உச்சிக்கு வந்த 1 மணி 26 நிமிடம் கழித்துச் சென்னையில் உச்சிக்கு வரும். ஆனால் கடிகார வேறுபாடோ 2 மணி 30 நிமிடம். எஞ்சிய 64 நிமிடம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு நாடும் ஒரு தீர்க்கரேகையைத் தேர்ந்தெடுத்து, அதன் நேரத்தை நாடு முழுமைக்கும் பொதுவாக்கிக் கொள்கிறது. இந்தியாவின் ரேகை 82.5 பாகை. நம் நாட்டு நேரத்திற்கு உரிய ரேகை 120 பாகை. அது சபா மாநிலத்திற்கும் கிழக்கே செல்கிறது. ஆகவே, தீபகற்பத்தில் வாழும் நம் கடிகாரங்கள் சூரியனைவிட ஒரு மணிக்கும் மேலாக முந்தி ஓடுகின்றன. பெரட்டுக்கு நிற்கும் வேளையில் வானம் இருண்டிருப்பதற்கும், காலை ஏழு மணியளவில்தான் கதிரவன் எழுவதற்கும் காரணம் இதுவே.

இது தொடக்கத்திலிருந்தே இருந்த ஏற்பாடு அன்று. 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்தள்ளி, நள்ளிரவு 12 ஆக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் அமைய வேண்டும் என்பதற்காக இவ்வாறு செய்யப்பட்டது. அதற்கு முன் நமக்கும் இந்தியாவிற்கும் இரண்டு மணி வேறுபாடே இருந்தது. முதியோர் சிலர் இன்றும் "இரண்டு மணி" என்று சொல்வதற்கு அந்தப் பழைய கணக்கே காரணம். 1982 முதல் அது இரண்டரை மணி.

6. போகும்போது ஒன்றரை, வரும்போது ஆறரை!

ஒரு விமானம் சிப்பாங்கிலிருந்து காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு, 4 மணி நேரம் பறந்து சென்னையை அடைகிறது. நம் நேரப்படி அது பிற்பகல் 2.00 மணி. இரண்டரை மணியைக் கழித்தால், சென்னையில் காலை 11.30. சீட்டில் "புறப்பாடு 10.00, வருகை 11.30" என்றே அச்சிடப்பட்டிருக்கும். பார்ப்பவர், ஒன்றரை மணிப் பயணம் என்று எண்ணுவார்.

அதே விமானம் நண்பகல் 12.00 மணிக்குச் சென்னையிலிருந்து திரும்பினால், 4 மணி கழித்து அங்கே மாலை 4.00, இங்கே மாலை 6.30. சீட்டில் "புறப்பாடு 12.00, வருகை 6.30". பார்ப்பவர், ஆறரை மணிப் பயணம் என்று எண்ணுவார். ஒரே தொலைவு, ஒரே விமானம். போகையில் ஒன்றரை, வருகையில் ஆறரை!

உண்மையை அறிய எளிய வழி உண்டு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 1½ + 6½ = 8; பாதி 4. இதுவே பறக்கும் நேரம். இனி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 6½ – 1½ = 5; பாதி 2½. இதுவே இரு நாட்டுக் கடிகார வேறுபாடு. போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்குமாயின், எவ்விரு நகரங்களுக்கும் இம்முறை பொருந்தும்.

7. துக்க வீட்டுக்குப் போகும் கணக்கு

இனி, இப்பாடத்தின் தலையாய பகுதிக்கு வருவோம். தஞ்சாவூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு மூதாட்டி காலமாகிறார். அவருடைய மகன் நம் பகுதித் தோட்டத்தில் வேலை செய்பவர். விடியற்காலையில் செய்தி வருகிறது. "மாலை ஐந்து மணிக்கு எடுக்கிறோம். வந்து சேர்வாயா? உனக்காகக் காத்திருக்கலாமா?" என்று ஊரார் கேட்கின்றனர். காலை 11.00 மணிக்குத் திருச்சிக்கு விமானம் உண்டு. இடமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் என்ன விடை சொல்ல வேண்டும்?

படிப்படியாகக் கணக்கிடுவோம். முழுவதையும் முதலில் நம் நாட்டு நேரத்திலேயே எழுதுங்கள்.

வீட்டிலிருந்து புறப்படுதல்: காலை 7.00.
விமான நிலையம் சேர்தல் (1 மணி): காலை 8.00. அயல்நாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி முன்னதாகச் செல்லுதல் நலம்.
விமானப் புறப்பாடு: காலை 11.00.
திருச்சி சேர்தல் (4 மணி): பிற்பகல் 3.00.
குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வருதல் (1 மணி): மாலை 4.00.
தஞ்சாவூர் வழியாகச் சிற்றூர் சேர்தல், ஏறத்தாழ 60 கிலோமீட்டரும் அதற்கு அப்பாலும் (2 மணி): மாலை 6.00.

இங்கேயே கணக்கை நிறுத்திவிட்டால், மகன் என்ன நினைப்பார்? "ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்வேன், ஐந்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். இனிப் போய் என்ன பயன்?" என்று மனமுடைந்து, போகாமலே இருந்துவிடுவார். ஆனால் ஊரார் சொன்ன ஐந்து மணி இந்திய நேரம் அல்லவா? நம் மாலை 6.00 மணியிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள். ஊரில் அப்பொழுது பிற்பகல் 3.30! ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. அவர் தாயின் முகத்தைக் காணலாம். பிள்ளைக்குரிய கடமையைச் செய்யலாம்.

ஒரேயொரு கழித்தல். அதைச் செய்தவர் போய்ச் சேர்கிறார். செய்யாதவர் வாழ்நாள் முழுதும் ஏங்குகிறார். பாட்டன்மாரைத் தடுத்தது கடல். நம்மைத் தடுப்பது கணக்கு அறியாமையாக இருத்தல் கூடாது.

விதி இதுதான்: முழுப் பயணத்தையும் ஒரே ஊரின் நேரத்தில் கணக்கிடுக, முடிவில் ஒரு முறை மட்டும் மாற்றுக. இடையிடையே மாற்றினால் குழப்பமே மிஞ்சும். மேலும், நான்கு மணி என்பது விமானத்தின் கணக்கு; வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை பதினொரு மணி ஆனதைக் கவனியுங்கள். கடப்பிதழ் காலாவதியாகியிருந்தால் பதினொரு நாள் ஆனாலும் போய்ச் சேர இயலாது. ஆகவே, தாயகத்தில் வயது முதிர்ந்த பெற்றோரோ உடன்பிறந்தோரோ உள்ளவர்கள், கடப்பிதழைப் புதுப்பித்து வைத்திருப்பதும், நுழைவு அனுமதி பெறும் முறையை முன்னரே கேட்டறிந்து வைப்பதும் அறிவுடைமை.

8. நள்ளிரவும் தேதியும்

விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படும். பயணச் சீட்டில் 24 மணி முறையில் நேரம் குறிக்கப்படுவதுண்டு. பிற்பகல் 1.00 என்பது 13.00, இரவு 11.00 என்பது 23.00, நள்ளிரவு 12.00 என்பது 00.00. அந்த 00.00-இல் புதிய நாள் பிறந்துவிடுகிறது.

சீட்டில் "ஜூன் 15, 00.20" என்று இருந்தால், விமான நிலையத்திற்கு எப்பொழுது செல்ல வேண்டும்? "பதினைந்தாம் தேதி இரவு" என்று விடை சொல்வோர் விமானத்தைத் தவறவிடுவர். 14-ஆம் தேதி முடிந்து இருபது நிமிடம் ஆனதுமே விமானம் கிளம்பிவிடும். ஆகவே 14-ஆம் தேதி இரவு 9.20 மணிக்கே அங்கே இருத்தல் வேண்டும். பதினைந்தாம் தேதி இரவு சென்றால், அவ்விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு பூச்சியத்தைப் பார்க்கத் தவறியதால் வீணாகலாமா?

பெற்றோர்களே! சீட்டு கைக்கு வந்தவுடன் அதனை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "எந்த நாள், எந்த மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன விடையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவன் படித்த கணக்கும் பயன்படும். உங்கள் பயணமும் தவறாது.

பயிற்சி

1. சென்னையில் காலை 9.00 மணி. அம்பாங்கானில் மணி என்ன?

2. சிப்பாங்கிலிருந்து 14.15-க்குப் புறப்பட்ட விமானம் 4 மணி நேரம் பறக்கிறது. சென்னையை அந்நாட்டு நேரப்படி எப்பொழுது அடையும்?

3. சென்னையிலிருந்து 20-ஆம் தேதி 22.45-க்குப் புறப்படும் விமானம் 4 மணி நேரம் பறக்கிறது. சிப்பாங்கை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அடையும்?

4. மணிக்கு 24 கிலோமீட்டர் செல்லும் கப்பல் 2,640 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் கடக்க எத்தனை நாள், எத்தனை மணி ஆகும்?

5. இரு நகரங்களிடையே அட்டவணைப்படி போக 1 மணி 25 நிமிடமும், வர 6 மணி 25 நிமிடமும் ஆவதாகத் தோன்றுகிறது. உண்மையில் பறக்கும் நேரம் எவ்வளவு? கடிகார வேறுபாடு எவ்வளவு?

6. உங்கள் வீட்டில் எவரேனும் தாயகம் சென்று வந்திருந்தால், அவரைக் கேட்டு, வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல்வரை ஆன நேரத்தைப் பிரித்து எழுதுக. விமானத்தில் கழிந்தது அதில் எத்தனை பங்கு?

விடைகள்: (1) காலை 11.30. (2) 15.45. (3) 21-ஆம் தேதி, 05.15. (4) 110 மணி. அதாவது 4 நாள் 14 மணி. (5) 3 மணி 55 நிமிடம். 2 மணி 30 நிமிடம். ஆறாவது வினாவிற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது; எழுதி முடித்தவர்கள் ஏட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டலாம்.